600 கி.மீ. பிரெவே: நாற்பது மணி நேரத்தை எப்படிப் பங்கிடுவது?

பதிவர்: செங்கை மிதிவண்டி

அனைவருக்கும் வணக்கம். இந்தப் பருவத்தில் 200, 300, 400 கிலோமீட்டர் பிரெவேக்களை (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய, பந்தயமல்லாத நெடுந்தொலைவு மிதிவண்டி ஓட்டங்களை) உரிய நேரத்துக்குள் முடித்துவிட்டேன். எஞ்சியிருப்பது 600 மட்டும்தான். அதையும் முடித்தால் சூப்பர் ரான்டனர் தொடர் நிறைவடையும். முதல் மூன்றிலும் நேரத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. 400இல் இரவு முழுவதும் மிதித்து, காலையில் வீடு வந்து படுத்துக்கொண்டேன். ஆனால் 600 என்பது ஒரு பகல், ஓர் இரவு, மறுபடியும் ஒரு பகல் என்று நீள்வதால், இடையில் தூங்குவதா வேண்டாமா, தூங்கினால் எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்பது எனக்குப் பிடிபடவில்லை.

என் நிலவரம் இதுதான். சமதளத்தில் தனியாக மிதித்தால் சராசரியாக மணிக்கு 20 கி.மீ. வருகிறது, இருட்டிய பிறகு 18க்கு இறங்கிவிடுகிறது. வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. புறப்பாடு சனிக்கிழமை காலை 6 மணி, கட்ஆஃப் ஞாயிறு இரவு 10 மணி. இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. வேகத்தைக் கூட்ட அந்த ஒரு மாதத்தில் எந்த வகைப் பயிற்சியில் கவனம் செலுத்தலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


பதிவர்: நெடுவழி

வணக்கம். ஒரு மாதத்தில் வேகம் கூடிவிடாது. கூட வேண்டிய தேவையும் இல்லை. உங்கள் கணக்கைச் சற்றுப் பிரித்துப் பார்த்தால் நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது விளங்கும்.

மணிக்கு 20 கி.மீ. என்றால் 600க்கு மிதிக்கும் நேரம் 30 மணி. மீதி 10 மணி நேரம் உங்கள் கையில் இருக்கிறது. கடும் பயிற்சி செய்து அந்த 20ஐ 22 ஆக்கிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். மிதிக்கும் நேரம் 27 மணி 16 நிமிடமாகக் குறையும். ஆதாயம் 2 மணி 44 நிமிடம். இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். 60 கி.மீ.க்கு ஒருமுறை நிற்கிறீர்கள் என்றால் முடிவிடத்துக்கு முன் ஒன்பது நிறுத்தங்கள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் 35 நிமிடம் கரைவதை 15 நிமிடமாகச் சுருக்கினால் முழுதாக மூன்று மணி நேரம் மிஞ்சுகிறது. முன்னதற்கு ஓராண்டு உழைப்பு வேண்டும். பின்னதற்கு ஒழுங்கு மட்டும் போதும்.

இதைத் தூக்கத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையான பொருள் தெரியும். 600 வரையிலான பிரெவேக்களில் இடைநிலைக் கன்ட்ரோல்கள் (வழியில் பிரெவே அட்டையில் முத்திரை வாங்க வேண்டிய இடங்கள்) மணிக்கு 15 கி.மீ. என்ற கணக்கில் மூடப்படுகின்றன என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஆகவே 60 கி.மீ.க்கு நான்கு மணி நேரம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்பதற்காக 60 கி.மீ.க்கு ஒரு கன்ட்ரோல் இருப்பதாகவும், 240 வரை பகல் வேகமும் அதற்குப் பிறகு இரவு வேகமும் வருவதாகவும் கொள்வோம்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் 15 நிமிடத்தில் கிளம்புபவர் 240ஆவது கி.மீ.யிலிருந்து சனிக்கிழமை இரவு 7 மணிக்குப் புறப்படுவார். 300ஐ இரவு 10.20க்குத் தொட்டு, 10.35க்கு விட்டு, 360ஐ நள்ளிரவு தாண்டி 1.55க்கு அடைவார். அந்தக் கன்ட்ரோல் காலை 6 மணிக்குத்தான் மூடும். அட்டையில் முத்திரை வாங்கி, ஏதேனும் சாப்பிட்டு, மூன்று மணி நேரம் படுத்து எழுந்தாலும் காலை 5.10க்கு அவர் சாலையில் இருப்பார். 420இல் அவருக்கு 10 மணி வரை அவகாசம் உண்டு, எட்டரைக்குள் சேர்ந்துவிடுவார். எஞ்சிய 240 கி.மீ.க்கு அவர் கையில் 16 மணி 50 நிமிடம் இருக்கிறது. நிறுத்தங்களையும் சேர்த்து மணிக்கு 14 கி.மீ.க்குச் சற்று மேல் போனால் போதும்.

அதே கால்கள், அதே வேகம், ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் 35 நிமிடம் எடுப்பவரைப் பாருங்கள். 240ஐ இரவு 8.20க்கு விடுகிறார். 360ஐ அதிகாலை 3.35க்கு அடைகிறார். சாப்பிட்டு மூன்று மணி நேரம் தூங்கினால் புறப்படும்போது காலை 7.10. அங்கிருந்து பகல் வேகத்தில் மூன்று மணி நேரம் மிதித்து 420ஐச் சேரும்போது 10.10. கன்ட்ரோல் மூடிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். இந்த இருவருக்கும் இடையே உடல் வலிமையில் இம்மியளவும் வேறுபாடு இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நேரம் எங்கே போகிறது என்று நான் மற்றவர்களைக் கவனித்தவரையில், உணவில் போவதைவிட உணவுக்காகக் காத்திருப்பதில்தான் அதிகம் போகிறது. இட்லி தட்டில் தயாராக இருக்கும் கடையில் போய் மசால் தோசை சொல்லிவிட்டு உட்காருகிறார்கள். பிறகு கைப்பேசி. பிறகு கழிப்பறை. பிறகு, கிளம்பும்போதுதான் தண்ணீர்க் குப்பி காலியாக இருப்பது நினைவுக்கு வருகிறது. ஆகவே இந்த ஒரு மாதம் நீங்கள் பழக வேண்டியது நிறுத்தத்தை. வார இறுதியில் நூறு, நூற்றைம்பது கி.மீ. போகும்போது வரிசையை மாற்றாமல் செய்து பாருங்கள்: முதலில் முத்திரை, அடுத்து குப்பி, அடுத்து கழிப்பறை, உணவு கடைசியில். உட்காராமல் சாப்பிடக் கூடியதை எடுத்துக்கொண்டு, மெதுவாக மிதித்தபடியே அதை முடிக்கலாம்.


பதிவர்: பாலாற்றங்கரை

நெடுவழி அவர்களின் கணக்கு சரி; முடிவில் எனக்கு உடன்பாடில்லை. நிறுத்தங்களைச் சுருக்கி மூன்று மணி நேரம் மிச்சப்படுத்திய பிறகு அதை ஏன் படுக்கையில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்? தூங்காமல் போனால் இவர் ஞாயிறு மாலை நான்கு மணி வாக்கிலேயே முடித்துவிடலாம். அதிகாலை இரண்டு மணிக்கு விடுதிக் கதவைத் தட்டி, காவலாளியை எழுப்பி, குளித்துப் படுத்து, எழுந்து, ஈர உடையை மறுபடி மாட்டிக்கொண்டு கிளம்புவதில் மூன்று மணி நேரத் தூக்கத்துக்கு நான்கரை மணி நேரம் செலவாகிறது. முட்டி இறுகிவிடுகிறது, இருக்கைப் புண் எரியத் தொடங்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டாம் நாள் வெயில். அதிகாலையில் நான்கு மணி நேரம் முன்னேறினால் நண்பகலில் அறுபது எழுபது கி.மீ. குறைவாகத்தான் எஞ்சியிருக்கும். நான் இதுவரை 600களில் படுத்ததில்லை. கண் கனக்கும்போது தேநீர்க் கடை பெஞ்சில் பத்து நிமிடம் சாய்வதோடு சரி.


பதிவர்: இரவுப்பணி

நான் பல ஆண்டுகளாக இரவு முறைப் பணியில் இருப்பவன், மிதிவண்டியும் ஓட்டுகிறேன். பாலாற்றங்கரை அவர்கள் விடுதி விஷயத்தில் சொல்வது நியாயமே. ஆனால் தூங்காமல் ஓட்டுவதை ஒரு நேரச் சிக்கனமாக மட்டும் பார்ப்பது சரியாகாது.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் எதிர்வினை வேகமும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவருக்கு இணையாகக் குறைகின்றன என்பது ஆய்வுகளில் பலமுறை காட்டப்பட்டது. 24 மணி நேரம் ஆனால் அது 0.10 விழுக்காட்டை ஒத்துவிடுகிறது. நம் மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநருக்கு அனுமதிக்கும் அளவு 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03 விழுக்காடு. செங்கை அவர்கள் 6 மணிப் புறப்பாட்டுக்காக 4 மணிக்கு எழுவார் என்று கொண்டால், சனி இரவு 9 மணிக்கே அவர் பதினேழு மணி நேரத்தை எட்டிவிடுகிறார். ஞாயிறு காலை 4 மணிக்கு இருபத்து நான்கு. உடலின் இயல்பான கடிகாரம் தூக்கத்துக்கு மிகவும் அழுத்தம் தரும் நேரமும் ஏறக்குறைய அதுவே, அதிகாலை இரண்டிலிருந்து ஐந்து வரை. அந்த வேளையில் கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடிகள் அணைந்துவிடுவதுண்டு. மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் மூன்று நொடி என்பது 15 மீட்டர். நான்கு வழிச்சாலையின் ஓரத்தில் விளக்கில்லாமல் நிறுத்தியிருக்கும் லாரியின் பின்பக்கத்துக்கு அந்தத் தொலைவு போதும்.

அதனால் நெடுவழி அவர்கள் 300இல் படுக்காமல் 360இல் தூங்கும்படி கணக்கிட்டிருப்பது மிகப் பொருத்தம். இரவு 10.30க்குப் படுத்து 1.30க்கு எழுந்தால், தூக்க அழுத்தம் மிகுந்த வேளையில் சாலையில் இருப்பீர்கள். இரண்டு மணிக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்தால் அந்த வேளை படுக்கையில் கழிந்துவிடும். விடியலின் வெளிச்சமே பாதி மயக்கத்தைத் தெளிவித்துவிடும். எழுந்தவுடன் முதல் கால் மணி நேரம் மந்தமாகவே இருக்கும் என்பதால் அப்போது நெரிசலான சந்திப்புகளைத் தவிர்ப்பது நல்லது.

பத்து நிமிடச் சாய்வும் வீணன்று. காபி குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் கண்ணை மூடினால், காபியின் வேலை தொடங்கும் நேரத்தில் விழித்துக்கொள்ளலாம். ஆனால் அது இரவைக் கடக்கத் துணைசெய்யுமே ஒழிய, தூக்கத்துக்கு ஈடாகாது. இன்னொன்று: பிரெவே முடிந்த கையோடு காரையோ இருசக்கர வாகனத்தையோ ஓட்டிக்கொண்டு வீடு திரும்பாதீர்கள். வேறொருவரை வரச் சொல்லுங்கள், அல்லது அங்கேயே தூங்கிவிட்டுக் கிளம்புங்கள்.


பதிவர்: பாலாற்றங்கரை

இரவுப்பணி அவர்களின் கணக்கை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆயினும் ஒன்று. மணிக்கு 25 கி.மீ. போகிறவருக்கு மிதிக்கும் நேரம் 24 மணி மட்டுமே. அவர் நள்ளிரவுக்குள் 400ஐ நெருங்கிவிடுவார், காலை ஒன்பது, பத்து மணிக்கு முடித்துவிடுவார். அத்தகையவர்களைப் பார்த்து எழுந்த வழக்கம்தான் தூங்காமல் போவது. 20இல் போகிறவர்களுக்கு அது பொருந்துமா என்பதில் என் கருத்தைத் தளர்த்திக்கொள்கிறேன்.


பதிவர்: முல்லைத்திணை

இங்கே எழுதுவோரில் பெரும்பாலோர் ஓட்டுபவர்கள். நான் ஓட்டுபவரின் மனைவி. என் கணவரும் அடுத்த மாதம் முதன்முறையாக 600இல் கலந்துகொள்கிறார். மேலே உள்ளதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. இரவு மட்டுமாவது நானும் என் தம்பியும் காரில் அவருக்குப் பின்னால் விளக்கைப் போட்டுக்கொண்டு வரலாமா? அமைப்பாளர்கள் இதை அனுமதிப்பார்களா?


பதிவர்: நெடுவழி

சகோதரி, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் பின்னால் வாகனம் தொடர்வதை விதி தெளிவாகத் தடுக்கிறது. சொந்த உதவி எதுவானாலும் கன்ட்ரோலில் மட்டுமே பெறலாம். வழியில் கார் தொடர்ந்து வந்தால் அவர் தகுதி இழப்பார். பிரான்சில் நடக்கும் 1200 கி.மீ. ஓட்டமான பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸிலும் உதவி வாகனங்களுக்கென்று தனிப் பாதைதான். அந்த விதிக்கு நம் சாலைகளில் ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது: மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் நெடுஞ்சாலையில் ஊரும் கார், பின்னால் வரும் பேருந்துக்கு எதிர்பாராத தடை. காரைத் தவிர்க்க ஒதுங்கும் வண்டி மிதிவண்டியின் மேல் வரக்கூடும்.

நீங்கள் செய்யக் கூடியது வேறு. 360 போன்ற ஒரு கன்ட்ரோல் ஊரில் முன்கூட்டியே அறை எடுத்து, சூடான உணவோடும் உலர்ந்த உடையோடும் காத்திருங்கள். அவர் வந்து, உண்டு, படுத்துவிட்டால், எழுப்பும் பொறுப்பு உங்களுடையது. பாலாற்றங்கரை அவர்கள் சொன்ன அந்த ஒன்றரை மணி நேர இழப்பு முழுவதும் மறைந்துவிடும், விதிக்கும் பழுதில்லை. கைப்பேசியில் இருப்பிடப் பகிர்வை இயக்கி வைத்துக்கொண்டால், அவர் நகர்ந்துகொண்டிருக்கிறாரா என்பது வீட்டிலிருந்தே தெரியும்.


பதிவர்: கொங்குக் காற்று

தூக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நான் பார்த்தவரையில் நம் பக்கத்து 600களில் பலர் கைவிடுவது வயிற்றாலும் வெயிலாலும்தான். முதல் நாள் பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை என்ன நடக்கிறது என்பதே இரவைத் தீர்மானிக்கிறது. அந்த ஐந்து மணி நேரத்தில் சராசரியைக் காப்பாற்றுவதற்காக முறுக்கி மிதிப்பவருக்கு, மாலையில் எதைப் பார்த்தாலும் குமட்டல் வருகிறது. உண்ணாதவர் இரவில் சோர்கிறார். சோர்ந்தவருக்கு எந்த நேரக் கணக்கும் உதவாது.

நீண்ட நேரம் மிதிப்பவருக்கு மணிக்கு 60 கிராம் அளவுக்கு மாவுச்சத்து வேண்டும் என்பது பொது வழக்கு. நல்ல அளவு வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் வாக்கில் இருக்கும். அதாவது மணிக்கு இரண்டுக்கு மேல். பழத்தை மட்டும் நம்பினால் இரவுக்குள் அதன் மேல் வெறுப்பு வந்துவிடும். பேரீச்சை, கடலை மிட்டாய், வெல்லம் சேர்த்த எலுமிச்சைச் சாறு, தயிர் சாதம் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். பரோட்டா சால்னாவை விரும்புவோர் முடிவிடத்துக்குப் பிறகு விரும்பலாம். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பது வெயிலில் ஆபத்து. வியர்வையில் உப்பு போய்க்கொண்டிருக்க, வயிற்றில் தண்ணீர் மட்டும் நிறைந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலியும் குழப்பமும் வரும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் உப்புப் போட்ட மோரும் போதும். விலையுயர்ந்த மாத்திரைகள் கட்டாயமில்லை. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. எனவே அதை மட்டும் நம்ப வேண்டாம்.

அடுத்து காற்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கிப் போகும் பாதையானால் பிற்பகலில் கடற்காற்று முகத்தில் வரும். பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமும் ஆரல்வாய்மொழிப் பக்கமும் தென்மேற்குப் பருவக் காலத்தில் மிதிவண்டியைச் சாய்த்துவிடும் அளவுக்கு வீசும். காற்றை எதிர்த்து 20ஐப் பிடிக்கப் போராட வேண்டாம். 16 வந்தால் 16லேயே போங்கள். அதுவும் 15க்கு மேல்தான். கன்ட்ரோலில் நேரம் வீணாக்காதவருக்கு அது தாங்கும்.


பதிவர்: கம்பி இழை

சாதனங்களைப் பற்றிச் சுருக்கமாக. முன் விளக்கு, பின் விளக்கு, இரவில் ஒளி எதிரொளிக்கும் மேலங்கி மூன்றும் கட்டாயம். பின் விளக்கு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருப்பது அணைந்ததை நீங்கள் அறிய மாட்டீர்கள். சக்கர அச்சில் சுழலும் 6 வோல்ட், 3 வாட் டைனமோ மின்கலக் கவலையைத் தீர்த்துவிடும். அது இல்லாவிட்டால், விளக்கு குறைந்த ஒளியில் எத்தனை மணி நேரம் எரிகிறது என்பதை வீட்டிலேயே ஓரிரவு எரியவிட்டுப் பாருங்கள். நம் நெடுஞ்சாலைகளில் பஞ்சருக்கு முதல் காரணம் வெடித்த லாரி டயர்களின் மெல்லிய கம்பி இழைகள். அவற்றைப் பிடுங்க ஒரு சிறு சாமணம் இல்லாவிட்டால் எத்தனை டியூப் மாற்றினாலும் மறுபடி காற்று இறங்கும். 28 அல்லது 32 மி.மீ. டயர், சற்றுக் குறைந்த காற்றழுத்தம். கைச் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப் போனால் உள்ளங்கை நரம்பு அழுந்துகிறது என்று பொருள். பிடியை மாற்றிக்கொண்டே இருங்கள். புதிய இருக்கை, புதிய காலணி எதையும் 600இல் முதன்முறையாகப் பயன்படுத்தாதீர்கள். விலையுயர்ந்த கார்பன் வண்டி தேவையில்லை. மனித ஆற்றலால் மட்டும் ஓடும் எந்த வண்டியையும் விதி ஏற்கிறது. சாய்ந்து ஓட்டும் வண்டியும் இருவர் ஓட்டும் வண்டியும்கூட.


பதிவர்: பழைய ராலே

நான் சற்று மாறுபட்டுக் கேட்கிறேன். முதலிடம் இல்லை, தரவரிசை இல்லை, பரிசு இல்லை. பதக்கம்கூட நாமே பணம் கட்டி வாங்க வேண்டும். அப்படியிருக்க இந்தப் பத்து நிமிடக் கண்டிப்பு எதற்கு? 40 மணி நேரத்தில் முடித்தவரும் 41 மணி நேரத்தில் முடித்தவரும் ஓட்டியது ஒரே 600தானே? பொழுதுபோக்கு ஓட்டிகளுக்கான நிகழ்வு என்று சொல்லிவிட்டு, அவர்களைத் தூக்கத்துக்கும் கடிகாரத்துக்கும் நடுவே நெருக்குவது முரண் அல்லவா?


பதிவர்: நெடுவழி

நல்ல கேள்வி. இதற்கு வரலாற்றைக் கொஞ்சம் தொட வேண்டும். 1891இல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் ஓட்டத்தை ‘லெ பெத்தி ஜுர்னால்’ நாளிதழ் நடத்தியபோது அது முழுக்கப் பந்தயம். சார்ல் தெரோன் ஏறத்தாழ 72 மணி நேரத்தில், தூங்காமல், வென்றார். இருநூறுக்கு மேற்பட்டோர் புறப்பட்டதில் பாதிப் பேர் அளவுக்கே திரும்பி வந்தனர். பிறகு பெரும்பாலும் பத்தாண்டுக்கு ஒருமுறை தொழில்முறைப் பந்தயமாகவே அது நடந்தது. 1951இல் மொரீஸ் தியோ 38 மணி 55 நிமிடத்தில் வென்றதோடு தொழில்முறை ஓட்டம் முடிந்துபோனது. ஆனால் அதற்கு முன்பே, 1931இல், பொழுதுபோக்கு ஓட்டிகளும் அதே பாதையில் இறங்கிவிட்டிருந்தார்கள். பந்தயக்காரர்கள் போன பிறகும் எஞ்சி நின்றவர்கள் அவர்களே. இன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை 90 மணி நேர வரம்போடு நடப்பது அவர்களுடைய ஓட்டம்.

பொழுதுபோக்கு ஓட்டிகளுக்குள்ளும் இரண்டு வழிகள் இருந்தன. 1897இல் இத்தாலியில் தோன்றி, 1904இல் டூர் த பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்ச் பிரான்சுக்குக் கொண்டுவந்த ஆடாக்ஸ் முறையில், எல்லோரும் ஒரு வழிகாட்டியின் பின்னால் ஒரே வேகத்தில் போக வேண்டும். 1921இல் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற பாரிஸ் மிதிவண்டிக் கழகம் அதிலிருந்து விலகி, ஒவ்வொருவரும் தன் வேகத்தில் போகலாம் என்ற முறையைத் தொடங்கியது. நாம் இன்று ஓட்டுவது இதைத்தான். இங்கே உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். குழுவும் வழிகாட்டியும் நீங்கிய இடத்தில், எல்லோருக்கும் பொதுவாக எஞ்சியது கடிகாரம் ஒன்றே. அது இரு பக்கமும் கட்டுகிறது: கன்ட்ரோல் திறப்பதற்கு முன் வந்துவிட்டாலும் காத்திருக்கத்தான் வேண்டும். முதல் 200க்குத் திறப்பு நேரம் மணிக்கு 34 கி.மீ. கணக்கில் வைக்கப்படுகிறது. வேகமானவரைத் தடுக்கவும் மெதுவானவரைத் தள்ளவும் ஒரே ஏற்பாடு.

மேலும், கன்ட்ரோலில் இரவெல்லாம் முத்திரையோடு உட்கார்ந்திருப்பவர்கள் தன்னார்வலர்கள். கடைசி ஆள் எப்போது வருவார் என்று அவர்களுக்கும் தெரிந்தாக வேண்டும். கண்டிப்பு அவ்வளவு குருடும் இல்லை. விபத்தில் சிக்கியவருக்கு உதவ நின்றது, சாலை அடைக்கப்பட்டது போன்ற எதிர்பாராத காரணத்தால் இடைக் கன்ட்ரோலில் தாமதமானால் அமைப்பாளர் தொடர அனுமதிக்கலாம். இறுதி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும் என்பது மட்டும் மாறாது. களைப்பு, பசி, பராமரிக்காத வண்டி ஆகியவை காரணங்களாக ஏற்கப்படா.


பதிவர்: பழைய ராலே

விளக்கத்துக்கு நன்றி. 90 மணி நேரம் என்பது தாராளம் என்றும் 40 மணி நேரம் நெருக்கடி என்றும் எனக்கு இன்னமும் தோன்றுகிறது. 1200க்கு இரண்டு 600இன் 80 மணி நேரத்தோடு பத்து மணி நேரம் கூடுதலாகத் தருகிறார்களே, அந்தப் பத்தில் இரண்டை 600க்குக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? ஆனால் விதியை மாற்றுவது நம் கையில் இல்லை என்பதால் இதோடு விடுகிறேன்.


பதிவர்: சேன் கரை

நான் பாரிஸ் புறநகரில் வசிக்கும் யாழ்ப்பாணத்தவன். துவிச்சக்கர வண்டியில் நான் கடைக்கும் வேலைக்கும் மட்டுமே போகிறவன். ஆனால் 2019இலும் 2023இலும் ராம்பூயே நகரில் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் புறப்பாட்டைப் பார்க்கப் போயிருந்தேன். 2019இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்திருந்தார்கள். இந்தியாவிலிருந்து வந்திருந்த பெரிய கூட்டத்தைக் கண்டு, தமிழில் பேசுகிறவர்கள் யாரும் இருக்கிறார்களா என்று தேடிப் போய்ப் பேசினேன்.

உங்கள் விவாதத்தில் ஒரு விஷயம் வரவில்லை என்பதால் எழுதுகிறேன். அங்கே உங்களை வருத்தப்போவது வெயில் அன்று. ஆகஸ்ட் மாதமென்றாலும் பிரான்சின் மேற்குக் கோடியிலுள்ள பிரித்தானிப் பக்கம் இரவில் குளிர் பத்து பாகைக்குக் கீழே இறங்கக்கூடும். 2007இல் மழையே பெருந்தொகையானோரைக் கைவிட வைத்தது. பாதையில் மட்டமான இடம் குறைவு. பெரிய மலை இல்லாவிட்டாலும் ஏற்றமும் இறக்கமும் ஓயாது, மொத்த ஏற்றம் 12,000 மீட்டர் அளவில் சேரும். சமதளத்தில் 20 வருகிறதென்று அதே கணக்கோடு வர வேண்டாம். போகும்போதும் திரும்பும்போதும் லூதியாக் என்ற கன்ட்ரோல் ஊரில் பலர் தூங்குகிறார்கள். அங்குள்ள கட்டிலுக்கு வரிசை நீளம் என்பதால், ஒரு கன்ட்ரோல் முன்னதாகவோ பின்னதாகவோ படுப்பது புத்தி என்று திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள். ஊர்ச் சனங்கள் வாசலில் மேசை போட்டுக் கோப்பியும் தண்ணீரும் கொடுப்பார்கள். காசு வாங்க மாட்டார்கள். அவர்களோடு பேசி நிற்பது பெரிய சந்தோசம்தான், ஆனால் நெடுவழி ஐயாவின் பதினைந்து நிமிடம் அங்கே முப்பத்தைந்தாகிவிடும். சக்கர வடிவில் ‘பாரிஸ்–பிரெஸ்ட்’ என்று ஒரு இனிப்புப் பண்டம் பேக்கரிகளில் இருக்கும். இந்த ஓட்டத்தின் பெயரால் வந்தது. அதை முடித்த பிறகு சாப்பிடுங்கள். ஓட்டத்தின் நடுவில் அந்தக் கிரீம் வயிற்றுக்கு ஆகாது.


பதிவர்: செங்கை மிதிவண்டி

அனைவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விரிவான விடைகளை நான் எதிர்பார்க்கவில்லை. வேகப் பயிற்சித் திட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டேன். எங்கள் பாதையில் 360இல் கன்ட்ரோல் இல்லை; 345இல் ஒரு சுங்கச்சாவடி அருகிலும், 402இல் ஒரு பேருந்து நிலையத்திலும் இருக்கின்றன. 345இல் படுத்தால் இரவு ஒரு மணி வாக்கில் படுத்து நான்குக்கு எழ வேண்டும். 402 வரை தள்ளினால் அதிகாலை நான்கரைக்கு மேல் ஆகிவிடும். இரவுப்பணி அவர்கள் சொன்னதை வைத்து 345ஐத் தேர்ந்திருக்கிறேன். பாலாற்றங்கரை அவர்களின் எச்சரிக்கையை ஏற்று, சாலையை ஒட்டிய விடுதியில் முன்பணம் கட்டி, நள்ளிரவுக்குப் பிறகு வருவேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

2027 பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸுக்கு இந்தத் தொடர் உதவுமா? 402இல் முத்திரையிட ஆள் இருக்க மாட்டார் என்றும் அதற்குப் பதிலாகக் கடை ரசீது அல்லது ஏ.டி.எம். சீட்டு வாங்கிக்கொள்ளும்படியும் குறிப்பில் உள்ளது. ஏ.டி.எம். வேலை செய்யாவிட்டால் என்ன செய்வது?


பதிவர்: நெடுவழி

345இல் ஒரு மணிக்குப் படுத்து நான்குக்கு எழுந்தால் 402 கன்ட்ரோலுக்கு ஞாயிறு காலை 8.48 வரை அவகாசம் இருக்கிறது. 57 கி.மீ.யை 18இல் போனாலும் 7.10க்குச் சேர்ந்துவிடுவீர்கள், கிளம்பும் முன் அரை மணி நேரம் கூடுதலாகத் தூங்கவும் இடம் இருக்கிறது. ஆனால் அந்த அரை மணியைத் தூக்கத்துக்கு என்று ஒதுக்காமல் பஞ்சருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாரிஸுக்கு, அந்த ஆண்டின் பருவத்திலேயே 200, 300, 400, 600 நான்கையும் முடித்திருக்க வேண்டும். முந்தைய ஆண்டில் நீண்ட தொலைவு பிரெவே முடித்தவர்களுக்கு முன்பதிவு முதலில் திறக்கப்படும். ஆகவே 2026இல் ஓட்டும் 600 உங்களை வரிசையில் முன்னே நிறுத்தும். 2027இல் தொடரை மறுபடி முடித்தாக வேண்டும். பருவம் நவம்பர் 1இல் தொடங்குகிறது என்பதால், மழை விட்டவுடனே ஆரம்பித்தால் கோடைக்கு முன் முடித்துவிடலாம்.

ரசீதைப் பொறுத்தவரை, ஊர்ப் பெயரும் நேரமும் அச்சிட்ட எதுவும் ஏற்கப்படும். பேருந்து நிலையத்தில் மருந்துக் கடையோ பெட்ரோல் பங்க்கோ திறந்திருக்கும், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்று வாங்கினால் ரசீது கிடைத்துவிடும். எதுவும் இல்லாவிட்டால் ஊர்ப் பெயர்ப் பலகை தெரியும்படி வண்டியோடு படம் எடுத்து உடனே அமைப்பாளருக்கு அனுப்புங்கள்; அதை ஏற்பார்களா என்பதைப் புறப்படும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தாளில் அச்சாகும் ரசீது வியர்வையில் வெளுத்துவிடும். அதையும் பிரெவே அட்டையையும் ஒரே நெகிழி உறையில் போட்டு, ஒவ்வொரு முத்திரைக்குப் பிறகும் அட்டையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.